நாள்தோறும் கல்லூரியா, இணையவழியா, இரண்டும் கலந்ததா? பிள்ளையின் இயல்பை வைத்து எப்படி முடிவு செய்வது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, எந்தக் கல்லூரி என்பதை மட்டுமே யோசித்தார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, பாலக்காட்டுக்கு அனுப்பலாமா, எல்லை தாண்டிக் கோவையிலோ பொள்ளாச்சியிலோ சேர்க்கலாமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது அதற்கு முந்தைய கேள்வி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது: பிள்ளை நாள்தோறும் வகுப்புக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா, அல்லது வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பட்டம் பெறலாமா? கேரளத்தில் 2024ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேற வழி இருந்தபோதிலும், செலவையும் காலத்தையும் கணக்கிடும் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக எழுகிறது.

இதற்கு விடை தேடும்போது பெரும்பாலானோர் கட்டணத்தையும் தொலைவையும் ஒப்பிடுகிறார்கள், அது சரிதான். ஆனால் பிள்ளையின் இயல்பை ஒப்பிட முனைகிறவர்கள் தவறான இயல்பைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதே என் கருத்து. அதை விளக்குவதற்கு முன்னால், நம் கையில் உள்ள வழிகள் எவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, வருகைப் பதிவும் உள்மதிப்பீடும் கொண்ட வழக்கமான கல்லூரி. இரண்டாவது, சேர்க்கை முதல் பாடம், ஒப்படைப்பு (அசைன்மென்ட்) வரை எல்லாம் கணினித் திரையிலேயே நடக்கும் முழு இணையவழிப் பட்டம். மூன்றாவது, இரண்டும் கலந்தது: பாடம் இணையத்திலோ அச்சுப் புத்தகத்திலோ இருக்கும், வார இறுதி வகுப்பு, படிப்பு மையம், நேரில் எழுதும் தேர்வு ஆகியவை அதனோடு சேரும். நம் ஊரில் 'கரஸ்' என்று சொல்லப்படும் தொலைநிலைப் படிப்பும் இன்று பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைக்குள் வந்துவிட்டது.

வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இதுதான்: "இவள் யாரோடும் பேச மாட்டாள், கூச்ச சுபாவம், அதனால் ஆன்லைன்தான் இவளுக்குப் பொருந்தும், அவன் நாலு பேரோடு கலகலப்பாக இருப்பவன், அவனைக் கல்லூரிக்கு அனுப்புங்கள்." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு மிகக் குறைவு. இதற்கு நேர் எதிரான இன்னொரு வாதமும் உண்டு. 2020 ஜூன் 1ஆம் தேதி தொடங்கிக் கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில் வந்த 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளின் நினைவை வைத்து, "அந்த இரண்டு வருஷம் இவன் என்ன படித்தான் என்று தெரியாதா, ஆன்லைன் என்ற பேச்சே வேண்டாம்" என்பார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அது. வீட்டில் பலருக்கும் சேர்த்து ஒரே கைபேசி இருந்த நாட்கள் அவை. ஏழாம் வகுப்புப் பிள்ளை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தூங்கியதை வைத்துப் பதினெட்டு வயதில் அவன் எப்படிப் படிப்பான் என்று சொல்ல முடியாது.

உளவியலாளர்கள் மனித இயல்பை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: புதியதை நாடும் ஆர்வம், எடுத்த வேலையை முறையாகவும் காலத்தோடும் முடிக்கும் செயலொழுங்கு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணங்கிப்போகும் குணம், எளிதில் கலங்கும் மனநிலை. இந்த ஐந்துக்கும் படிப்பில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஆர்தர் போரோபாட் 2009இல் வெளியிட்டார். அதில் 70,000க்கு மேற்பட்ட மாணவர்களின் தரவுகள் இடம்பெற்றன. மதிப்பெண்ணோடு குறிப்பிடத்தக்க தொடர்பு காட்டியது செயலொழுங்கு. அதன் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண் (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக இருந்தால் 1), ஏறத்தாழ 0.2. புதியதை நாடும் ஆர்வத்துக்கு அதில் பாதி அளவே கிடைத்தது. பிறரோடு கலந்து பழகும் இயல்புக்கோ அது ஏறத்தாழப் பூஜ்யம். அதாவது, கூச்சப்படும் பிள்ளைக்கும் கலகலப்பான பிள்ளைக்கும் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கூச்சம் உள்ள பிள்ளைக்கு இணைய வகுப்பு ஆறுதலாக இருக்கலாம். ஆறுதலாக இருப்பதும் தேறுவதும் ஒன்றல்ல.

0.2 என்ற எண்ணைப் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாணவர்களிடையே மதிப்பெண்ணில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கைந்து பங்கை மட்டுமே அது விளக்குகிறது; மீதி, முன்பு படித்த அடித்தளம், ஆசிரியர், பண வசதி, உடல்நலம், தேர்வு நாளின் நிலைமை என்று பலவற்றில் சிதறிக் கிடக்கிறது. அப்படியானால் இயல்பைப் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். பல்கலைக்கழக நிலையில் அறிவுத்திறன் தேர்வுகளின் முன்கணிப்பு ஆற்றலுக்கு ஒப்பாகச் செயலொழுங்கு நிற்கிறது என்பது போரோபாட் சுட்டிய முடிவுகளில் ஒன்று; "நல்ல மூளை" என்று நாம் கொண்டாடுவதற்குச் சமமான இடத்தை "வேலையை முடிப்பவன்" என்பதற்கும் கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். மிஷல் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிச் செய்த தொகுப்பாய்வு இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. பொதுவான குணக்கூறுகளைவிட, சலிப்பு வந்தபோதும் முயற்சியைக் கைவிடாமல் இருக்கும் பழக்கமும், இந்தப் பாடத்தில் இந்த அளவு மதிப்பெண் என்னால் எடுக்க முடியும் என்ற குறிப்பான நம்பிக்கையும் மதிப்பெண்ணோடு நெருக்கமாக இணைந்திருந்தன. தள்ளிப்போடும் பழக்கம் எதிர்த்திசையில் நின்றது.

வகுப்பறையில் இந்தச் செயலொழுங்கின் ஒரு பகுதியை நிறுவனமே இரவல் தருகிறது. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும்: ஆழியாற்றுத் தண்ணீர் முறை வந்தால் வாய்க்காலில் தானே பாயும், மடையைத் திறந்து வைத்தால் போதும், ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்திலோ நேரம் பார்த்து மோட்டாரை நாமே போட வேண்டும். கல்லூரியில் மணி அடிக்கிறது, வருகைப் பதிவு எடுக்கப்படுகிறது, பக்கத்து இருக்கைத் தோழி ரெக்கார்டு முடித்துவிட்டாளே என்ற பதற்றம் வேலை வாங்குகிறது. முழு இணையவழிப் படிப்பில் இவை எதுவும் இல்லை. ஆகவே ஒரே அளவு செயலொழுங்குக் குறைவு கல்லூரியில் சிறிய இழப்பாகவும் இணையவழியில் பெரிய இழப்பாகவும் மாறக்கூடும்.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சார்பில் உலக வறுமை குறித்து ஓர் இணையப் பாடத்தை நடத்தினார்கள். அதில் யார் முடித்தார்கள், யார் நழுவினார்கள் என்று ஆராய்ந்து 2014இல் எழுதியபோது, பதிவுக்கான காலக்கெடுவைச் சற்றே தவறவிட்டுச் சேர்ந்தவர்கள் உரிய நேரத்தில் சேர்ந்தவர்களைவிடச் சான்றிதழ் பெறுவது கணிசமாகக் குறைவு என்று கண்டார்கள். ஒரு நாள் தாமதம் யாருடைய அறிவையும் குறைத்துவிடாது. அது ஒழுங்கின் அடையாளமாக இருந்தது. எம்ஐடி, ஹார்வர்டு நிறுவனங்களின் திறந்தநிலை இணையப் பாடங்களை 2019இல் ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ் வாலியெந்தேயும் ஆராய்ந்தபோது, 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். பணம் கட்டிச் சான்றிதழ்ப் பாதையில் சேர்ந்தவர்களிடையே அந்த விகிதம் பல மடங்கு அதிகம். பணம் கட்டியவர் வேறு மனிதரா, கட்டிய பணம் மனிதரை மாற்றியதா என்பது வேறு விவாதம். கட்டுப்பாடு ஏதேனும் ஒன்று இருந்தால் முடிப்பவர் கூடுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

நம் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து டி ஷூவும் ஷானா ஸ்மித் ஜாகர்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. எளிய பின்னணியிலிருந்து வருவோர் படிக்கும் கல்லூரிகள் அவை. இணையப் பாடங்களில் எல்லா வகை மாணவர்களுமே சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் ஆண் பிள்ளைகளும், வயதில் இளையவர்களும், முன்பே மதிப்பெண் குறைவாக இருந்தவர்களும் கூடுதலாகப் பின்தங்கினார்கள். கல்லூரியில் இடம் கிடைக்காத, மதிப்பெண் குறைந்த பதினெட்டு வயதுப் பையனைத்தான் நாம் "சரி, ஆன்லைனில் ஏதாவது படிக்கட்டும்" என்று அனுப்புகிறோம். அந்த ஆய்வு சொல்வதை வைத்துப் பார்த்தால், யாருக்கு அது மிகக் குறைவாகப் பொருந்துமோ அவரையே தேடிப் பிடித்து அதில் சேர்க்கிறோம்.

அப்படியானால் முழு இணையவழி யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே வேலையில் இருந்து, எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தவருக்கு. பிளஸ் டூவில் டியூஷன் இல்லாமல் தானே அட்டவணை போட்டுப் படித்த பிள்ளைக்கு. ஒரு பாடம் புரியாவிட்டால் அன்றே யாரிடமாவது கேட்டுத் தீர்த்துக்கொள்பவருக்கு. மொத்த மதிப்பெண் இதைக் காட்டாது. காலை ஆறு மணிக்கு டியூஷன், மாலையில் இன்னொரு டியூஷன், இரவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தது என்று எடுத்த தொண்ணூறு விழுக்காடும், தானாக எடுத்த எழுபது விழுக்காடும் இணையவழியில் எதிர்பாராத வகையில் இடம் மாறிவிடும்.

வழக்கமான கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அதன் பலமும் பலவீனமும் நமக்குத் தெரிந்தவை. எழுபத்தைந்து விழுக்காடு வருகை என்ற விதி, தள்ளிப்போடும் பிள்ளையைக் குறைந்தபட்சம் வகுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. உட்கார வைப்பதோடு அது நின்றுவிடுவதும் உண்டு என்பதை அரியர் பட்டியலைப் பார்த்தால் அறியலாம். தானே படிக்கக்கூடிய, ஆனால் பேருந்துப் பயணத்திலேயே நாளின் பெரும்பகுதியை இழக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு உதவியைவிட இடையூறாகவே இருக்கும்.

கலப்புமுறையைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறைக்காகப் பார்பரா மீன்ஸ் தலைமையில் 2010இல் வெளியான தொகுப்பாய்வு இவ்வகையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. முழு இணையவழிக்கும் நேரடி வகுப்புக்கும் இடையே அதில் வேறுபாடு ஏறத்தாழ இல்லை. கலப்புமுறையோ நேரடி வகுப்பைவிட ஓரளவு நல்ல பலன் தந்தது. ஆனால் அந்த அறிக்கையே ஓர் எச்சரிக்கையும் தருகிறது: கலப்புமுறையில் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பல இடங்களில் கிடைத்திருந்தன, எனவே பலன் முறையினால் வந்ததா அந்தக் கூடுதலினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொருளாதாரப் பாடத்தில் சேர்ந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். முழு இணையவழியில் படித்தவர்கள் இறுதித் தேர்வில் பின்தங்கினார்கள், கலப்புமுறையில் படித்தவர்கள் நேரடி வகுப்பினரோடு சமமாக நின்றார்கள். பாதி வகுப்பு நேரத்தைக் குறைத்தும் சேதம் இல்லை என்பது, பயணத்தில் களைத்துப்போகும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்குக் கவனிக்கத்தக்க செய்தி.

எனினும், கலப்புமுறை என்று பெயரிட்டவை எல்லாம் ஒன்றல்ல. இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1985இல் தொடங்கப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் படிப்பில் ஒப்படைப்புகள் உண்டு, ஜூனிலும் டிசம்பரிலும் பருவத் தேர்வு உண்டு, படிப்பு மையத்தில் வழிகாட்டும் வகுப்புகளும் உண்டு. ஆனால் கலைப் பாடங்களுக்கு அந்த வகுப்புக்குப் போவது பொதுவாகக் கட்டாயம் இல்லை, மூன்று ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டு வரை நீட்டிக்கவும் இடம் உண்டு. வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இந்த நெகிழ்வு வரப்பிரசாதம். அடுத்த ஜூன் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் இயல்புள்ள இளைஞனுக்கு அதே நெகிழ்வுதான் பொறி.

மறுபக்கம், சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு. பாடங்கள் முழுக்க இணையத்தில்தான். ஆனால் வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் காலக்கெடு உண்டு, இடைத் தேர்வுகளையும் இறுதித் தேர்வையும் மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். அதில் சேரும் விதமே கவனிக்கத்தக்கது: நான்கு வாரப் பாடத்தைப் படித்து, வார ஒப்படைப்புகளில் போதிய மதிப்பெண் பெற்று, அதன் பிறகே தகுதித் தேர்வு எழுதலாம். ஒரு நாள் நுழைவுத் தேர்வின் இடத்தில் நான்கு வாரத் தொடர் உழைப்பை வைத்திருப்பதால், பிள்ளையின் இயல்பையும் அது கூடவே சோதித்துவிடுகிறது. கலப்புமுறைப் படிப்பு ஒன்றை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, அதில் வாரக் கெடு இருக்கிறதா, தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையே. கெடு இல்லாத கலப்புமுறை, செயலொழுங்கு குறைந்த பிள்ளைக்கு முழு இணையவழியை ஒத்ததே.

மற்ற இயல்புகளில் எளிதில் கலங்கும் மனநிலையைத் தனியே பார்க்க வேண்டும். அது மதிப்பெண்ணோடு நேரடியாக அதிகம் தொடர்புபடாவிட்டாலும், உதவி கேட்பதைத் தடுக்கக்கூடியது. வகுப்பறையில் பிள்ளையின் முகம் வாடியதை டீச்சர் கவனித்துக் கூப்பிட்டுக் கேட்பார். திரைக்குப் பின்னால் அது தெரியாது. இரண்டு ஒப்படைப்பு தவறிய பிறகு மூன்றாவதைத் திறந்து பார்க்கவே பயந்து, பிறகு அந்தத் தளத்தையே திறக்காமல் விட்டுவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். இணங்கிப்போகும் குணத்துக்கும் ஒரு குறுக்குப் பாதை உண்டு: வீட்டில் யார் எதைச் சொன்னாலும் எழுந்து செய்யும் பிள்ளை, வீட்டிலிருந்து படிக்கும்போது எல்லோருடைய வேலைக்கும் கைக்குக் கிடைக்கும் பிள்ளையாகிவிடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது குணமாக எண்ணப்பட்டாலும், உண்மையில் வீட்டின் வழக்கமே அதற்குக் காரணம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற சொல்லுக்கு எதிராக எந்தச் செயலொழுங்கும் நெடுநாள் நிற்காது. அத்தகைய வீட்டில், எவ்வளவு ஒழுங்கான பெண்ணாக இருந்தாலும், கல்லூரிக்கோ நேர் வகுப்பு உள்ள கலப்புமுறைக்கோ அனுப்புவதே நியாயம் என்பேன்.

இன்னொரு தவறான அளவுகோலையும் ஒதுக்கிவிட வேண்டும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, "உங்கள் பையன் பார்த்துக் கற்பவன், வீடியோ பாடம் அவனுக்கு ஏற்றது" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். கற்றல் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் குழுவினரும் 2008லேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சோதனைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இயல்பைவிட மொழி பெரிதாக நிற்கும் இடமும் எங்கள் பகுதியில் உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளை கேரளக் கல்லூரிக்குப் போனால், வகுப்பில் பாதி விளக்கம் மலையாளத்தில் வரும்; பேச்சு மலையாளம் காதுக்குப் பழகியதே என்பதால் சில மாதங்களில் அது சரியாகிவிடும். இணையவழியில் அந்தப் பாதி விளக்கமும் இல்லாமல், ஆங்கிலப் பாடம் மட்டும் எஞ்சும். நிறுத்தி, திரும்பக் கேட்கும் வசதி உண்டு என்பது உண்மை. புதியதை நாடும் ஆர்வம் மிகுந்த பிள்ளை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை முதல் மாதத்திலேயே உடைந்துவிட்டால், ரிச்சர்ட்சன் சுட்டிய மிக வலுவான துணையே அங்கே இல்லாமல் போய்விடுகிறது. அதனால் தமிழில் எழுத இடம் தரும் படிப்பா என்பதை இயல்புக்கு முன்னதாகப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் எல்லைச் சிக்கல் வருகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கப்பட்டது. கேரளத்தில் ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2020இல் கொல்லத்தில் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளுக்கு மாநில எல்லைக் கட்டுப்பாடு உண்டு. இணையவழிப் பட்டங்களுக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் கொழிஞ்சாம்பாறையில் இருப்பதாக யாராவது சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள். கேரள முகவரியோடு தொலைநிலைப் படிப்பில் சேர முடியுமா என்பதையும் இடைத்தரகரிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்திடமே கேட்க வேண்டும். எந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டு என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அனுமதி பெற்ற இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் வழக்கமான பட்டத்துக்கு இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றை இவ்வழியில் படிக்க இயலாது.

பிள்ளையின் செயலொழுங்கை எப்படி அளப்பது? வினாத்தாளில் "நான் வேலைகளைக் காலத்தோடு முடிப்பவன்" என்பதற்கு எதிரே குறியிடச் சொல்வதில் பயன் குறைவு; கல்லூரி அனுமதி அதைப் பொறுத்தது என்று தெரிந்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். நடத்திப் பார்ப்பதே நல்ல அளவுகோல். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலை முதல் இயங்குகிறது. அதில் பதிந்து படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே உண்டு. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்றுகள் தொடங்குகின்றன. பிளஸ் டூ படிக்கும்போதே, ஜனவரிச் சுற்றில் வேண்டாம், தேர்வுச் சுமை இருக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஜூலைச் சுற்றில், பிள்ளைக்குப் பிடித்த துறையில் நான்கோ எட்டோ வாரப் பாடம் ஒன்றில் சேரச் சொல்லலாம். பெற்றோர் நினைவூட்டக் கூடாது என்பதே இதன் ஒரே நிபந்தனை. மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். ஒப்படைப்புகளைக் கெடுவுக்கு எத்தனை நாள் முன்பு அனுப்புகிறது, ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் திரும்பி வருகிறதா, புரியாததை யாரிடம் கேட்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். இவற்றில் இரண்டாவதுதான் முக்கியம். யாரும் ஒரு வாரம் தவறலாம். தவறிய பிறகு திரும்புகிறவர்களே பட்டம் முடிக்கிறவர்கள்.

இந்தச் சோதனையில் தோற்ற பிள்ளையைப் பற்றி "இவன் குணமே இப்படி" என்று எழுதி மூடிவிட வேண்டாம். பிரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006இல் நீண்ட கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, செயலொழுங்கு இருபது வயதுக்குப் பிறகும் சராசரியாக வளர்ந்துகொண்டே போவதைக் கண்டார்கள். பதினெட்டில் முடியாதது இருபத்து நான்கில் இயல்பாகலாம். இளங்கலையைக் கல்லூரியில் முடித்துவிட்டு முதுகலையை இணையவழியில் படிக்கத் திட்டமிடுவது இதனால்தான் பலருக்குப் பொருத்தமாக அமைகிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், ஐயம் உள்ள பிள்ளைக்குக் கல்லூரி, அல்லது வாரக் கெடுவும் நேரில் எழுதும் தேர்வும் உள்ள கலப்புமுறை. ஸ்வயம் சோதனையின் மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை காட்டிய பிள்ளைக்கு, வீட்டில் தனி இடமும் வீட்டாரின் ஒத்துழைப்பும் இருந்தால், முழு இணையவழி. இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது: ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதி அளித்துவிட்டது, அதன்படி சித்தூரில் வழக்கமான பட்டமும் இணையவழியில் மற்றொரு பட்டமும் சேர்த்துப் படிக்கலாம். முதல் பருவத்தில் அரியர் எதுவும் விழவில்லை என்று பார்த்த பிறகு இரண்டாவதற்குப் பணம் கட்டினால் போதும். இணையவழிச் சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை நடப்பதால், அந்த ஆறு மாதக் காத்திருப்பில் இழப்பு ஒன்றும் இல்லை.